நீல நூல் முடிச்சு

கரும்பு வேலைக்குக் கப்பலேறிய தமிழர்கள் வாழ்கிற ஒரு தீவில், செமின் கிரனியே என்ற ஊருக்குத் தெற்கே, கரும்புக்காடு முடிந்து கடல் தெரிய ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சர்க்கரை ஆலை. அந்த ஆலையில் வீரசாமியின் பெயரை வெறுமனே சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘கூப்பிடு வீரசாமியை’ என்றுதான் சொல்வார்கள். மோட்டார் உறுமுகிறதா, கூப்பிடு வீரசாமியை. ஃப்யூஸ் போயிற்றா, கூப்பிடு வீரசாமியை. அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கோயிலில் விபூதிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாலும் சரி, சைக்கிளில் ஆள் வந்து நிற்கும். “என்ன தொல்லைடா இது” என்று வாய் அலுத்துக்கொள்ளும். முகத்தை அல்லவா பார்க்க வேண்டும், மாப்பிள்ளை அழைப்புக்குப் புறப்படுகிறவர் மாதிரி இருப்பார்.

இந்தச் செல்வாக்கு அவருக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பாகு காய்ந்து சர்க்கரை திரண்டதும், சர்க்கரையைத் தனியாகவும் கழிவுப்பாகைத் தனியாகவும் பிரிக்க அங்கே எட்டுச் சுழல் தொட்டிகள் இருந்தன. எல்லாம் மின்சாரத்தில் ஓடுபவை. 1952ல் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது, ஒவ்வொரு கம்பியிலும் எண் போட்ட துணிச்சீட்டு ஒட்டியிருந்தது. நீராவியிலும் பாகுப் பிசுக்கிலும் ஒரே பருவத்தில் சீட்டெல்லாம் ஊறி உரிந்து விழுந்தன. புதுச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கலாம், ஒரு நாள் வேலை. வீரசாமி ஒட்டவில்லை. பெண்டாட்டி தனலட்சுமியின் தையல் டப்பாவிலிருந்து கலர் நூல்களை எடுத்துக்கொண்டு போய், தொட்டிகளின் கம்பியெல்லாம் வந்து சேருகிற பெட்டியைத் திறந்து, கம்பிக்குக் கம்பி முடிச்சுப் போட்டார். எந்தக் கலருக்கு எந்தக் கம்பி என்பது அவர் மண்டைக்குள் மட்டும் இருந்தது. கம்பெனிக்காரன் கொடுத்த வரைபடம் ஆபீசில் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் இரண்டு தடவை கம்பிகளை மாற்றிப் போட்டாயிற்று. மாற்றியவர் யார்? நம்ம வீரசாமிதான்.

இப்படி ஆறு வருஷம் ராஜா மாதிரி இருந்தார். ஆலையின் தலைமை எலக்ட்ரீஷியன் ஆன்றிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் தனக்குத்தான் என்பதில் வீரசாமிக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வேலைக்கென்று ஆலை வாசலில் ஒரு வீடு உண்டு, முன்னால் லிச்சி மரம் உண்டு. அந்த மரத்தடியில் நாற்காலி எங்கே போடுவது என்பது வரை முடிவு செய்துவைத்திருந்தார்.

அப்போதுதான் சின்னன் வந்தான்.

சின்னன் வேறு யாருமில்லை, சகலை. தனலட்சுமியின் தங்கை பொன்னம்மாவின் புருஷன். பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போய், சூயஸ் கால்வாய்ப் பக்கம் ஒரு ராணுவப் பட்டறையில் மின்சார வேலை கற்றுக்கொண்டு திரும்பியிருந்தான். வேலையில்லாமல் ரோஸ் பெல்லில் உட்கார்ந்திருந்தவனை ஆலைக்குள் இழுத்துவிட்டதே வீரசாமிதான். அதற்காக இரண்டு வருஷம் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

வந்த மூன்றாம் வாரம் சின்னன் பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகையை மாட்டினான். பட்டாளத்தில் அப்படித்தான் வழக்கமாம். எந்த மெஷின் எதனால் நின்றது, எப்படிச் சரியானது, யார் கண்டுபிடித்தார் என்று அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும். கீழே கண்டுபிடித்தவன் பெயர் வரும். பட்டறை உதவியாள் ஜான்-போலுக்கு எழுத்து வராது என்பதால் பக்கத்தில் படமும் போடுவான். மோட்டார், கம்பி, விளக்கு எல்லாம் குழந்தைகூடப் புரிந்துகொள்கிற மாதிரி வரைவான்.

வீரசாமி முதல் நாள் சிரித்தார். “பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருக்கான்யா” என்றார். பத்து நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் உள்ளே வருகிறவன் எல்லாம் நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்றான். ரெஜிஸ் என்று ஒரு ஃபிட்டர் இருந்தான், ஆறு வருஷமாக வீரசாமிக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு நடந்தவன். அவன் ஒரு நாள் பம்பு மோட்டார் நின்றதற்குக் காரணம் உள்ளே தேய்ந்துபோன கரித்துண்டு என்று கண்டுபிடித்தான். மறுநாள் பலகையில் அவன் பெயர். அவ்வளவுதான், பட்டம் வாங்கியவன் மாதிரி நடக்க ஆரம்பித்தான். ஜான்-போல் டீ கொண்டு வந்தால் முதல் கோப்பை சின்னனுக்குப் போயிற்று.

அந்த முதல் கோப்பை வீரசாமிக்குப் பொறுக்கவில்லை. டீக்காகவா? அவர் டீயே அதிகம் குடிக்கமாட்டார். வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதியில்லை.

“பொன்னம்மா வீட்டுக்காரருக்கு எவ்வளவு நல்ல மனசு பாருங்க” என்பாள் தனலட்சுமி. “தெருவில ரேடியோ ரிப்பேர் ஆனாக்கூட, சரி பண்ணிட்டு, ஏன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு வர்றாராம்.”

“சொல்லிட்டு வந்தா அடுத்த தடவை இவனை எவன் கூப்பிடுவான்? புத்தியில்லாதவன்.”

“கூப்பிடாட்டிப் போறாங்க. வீட்டுல இருப்பாரில்ல.”

குத்தலாகத்தான் சொன்னாளோ, சாதாரணமாகத்தான் சொன்னாளோ. வீரசாமி பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

தைப்பூசம் வந்தது. பத்து நாள் விரதமிருந்து இரண்டு பேரும் காவடி எடுத்தார்கள். சின்னன் காவடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்ததில் வீரசாமி இரண்டு இடத்தில் கால் இடறினார். முருகன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். மறுநாள் தனலட்சுமி வாழையிலை போட்டு ஏழு கறியோடு தங்கை குடும்பத்துக்கு விருந்து வைத்தாள். சகலைகள் பக்கத்துப் பக்கத்து இலை.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன்” என்றான் சின்னன்.

“கேளு.”

“அந்த நூல் முடிச்சு. சொல்லிக் குடுத்தீங்கன்னா பலகையில படமாப் போட்டுடலாம். சும்மா சும்மா உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம் பாருங்க.”

தொந்தரவாம். எதற்காக வீரசாமி காலையில் கண் விழிக்கிறாரோ அதற்கு இவன் வைத்த பெயர் தொந்தரவு.

பரிமாறிக்கொண்டிருந்த தனலட்சுமி, “சொல்லிக் குடுங்களேன். அதில என்ன குறைஞ்சிடப் போகுது?” என்றாள். பொன்னம்மா அண்ணாந்து பார்த்தாள். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லார் முன்னாலும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“பெரிய ரகசியமா என்ன” என்றார் வீரசாமி. “சிவப்புன்னா கரெண்டு வர்ற கம்பி. மஞ்சள் மெதுவா சுத்துறதுக்கு. பச்சை வேகமா சுத்துறதுக்கு. நீலம் பிரேக்.”

“எட்டுக்கும் அப்படித்தானே?”

வீரசாமி அப்பளத்தை நொறுக்கினார். “ரசம் ஊத்து” என்று தனலட்சுமியிடம் சொன்னார். சின்னன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

பார்த்தீர்களா, அவர் பொய்யே சொல்லவில்லை. முதல் நாலு தொட்டிக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஐந்தாவது தொட்டிக்கு வரும்போது டப்பாவில் பச்சை நூல் தீர்ந்துபோயிற்று. அதனால் ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் வேகக் கம்பிக்கு நீலம் கட்டினார், பிரேக்குக்கு வெள்ளை கட்டினார். இதைத்தான் சொல்லவில்லை. கேட்டால் சொல்லியிருப்பேனே என்று அன்றே மனசுக்குள் ஒரு பதிலையும் தயார் செய்து வைத்துக்கொண்டார். அவன் கேட்டான் என்பதை அந்தப் பதிலில் சேர்க்கவில்லை.

எந்தக் கம்பி எதற்கு என்று சோதனை விளக்கு வைத்துப் பார்க்காமல் எதையும் பலகையில் போடமாட்டான் சின்னன். ஆனால் அந்த வருஷம் பழுது பார்க்கும் மாதங்களில் கொதிகலன் பக்கமே அவனைப் போட்டுவிட்டார்கள். ஜூலையில் கரும்பு வெட்டு தொடங்கி ஆலை ஓட ஆரம்பித்தது. நூல் படம் தள்ளிப்போயிற்று.

செப்டம்பரில் ஒரு நாள், வீரசாமி ரோஸ் பெல்லுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். காலை ஒன்பது மணிக்கு ஆறாம் நம்பர்த் தொட்டியில் கம்பி கருகி நின்றது. கூப்பிடு வீரசாமியை என்றார்கள். சைக்கிளில் போய் எப்போது வருவது? “நானே பாத்துடறேன், அண்ணன் சொல்லிக் குடுத்திருக்கார்” என்றான் சின்னன். கருகிய கம்பிகளை மாற்றினான். நீல முடிச்சைப் பிரேக்கில் இணைத்தான். விளக்கு வைத்துப் பார்க்கவில்லை. வெளியாள் சொல்லியிருந்தால் பார்த்திருப்பான்.

சுவிட்சைப் போட்டதும் டமாரென்று ஒரு சத்தம், எல்லாத் தொட்டிக்கும் பொதுவான ஃப்யூஸ் போயிற்று. எட்டுத் தொட்டியும் நின்றன. பாகு இறுகியது, மேலே கொப்பரைகள் நிறைந்தன, கரும்பு நசுக்குகிற உருளைகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. கரும்பு வண்டிகள் கடைத்தெரு வரைக்கும் வரிசை கட்டி நின்றன.

லாரி வைத்து வீரசாமியைக் கூட்டிவந்தபோது பன்னிரண்டு மணி. கல்யாணச் சட்டையோடு உள்ளே போனார். இருபதே நிமிஷம். தொட்டிகள் சுற்றின. துரை என்கிற அர்த்தத்தில் எல்லாரும் மெஸ்யே என்று கூப்பிடும் பெரிய எஞ்சினீயர் எட்மோன் அவர் தோளைத் தட்டிவிட்டு, சின்னன் பக்கம் திரும்பினார்.

“நீலத்தைப் பிரேக்குல கொடுக்கச் சொல்லி யார் சொன்னது?”

வீரசாமி சின்னன் வாயையே பார்த்தார். சொல்லிவிடுவான். இதோ சொல்லப் போகிறான்.

“யாரும் சொல்லலை மெஸ்யே” என்றான் சின்னன். “விளக்கு வைச்சுப் பாக்காம இணைச்சேன். என் தப்பு.”

அப்பாடா என்று இருந்தது வீரசாமிக்கு. அந்த அப்பாடா ஒரு பகல் பொழுதுதான் நிலைத்தது. மறுநாள் பலகையில் ஆறாம் நம்பர்த் தொட்டியின் படம், அதன் மேல் பெரிய பெருக்கல் குறி, ‘சோதிக்காமல் இணைத்தேன், ஆலை மூன்று மணி நேரம் நின்றது, சின்னன்’ என்று எழுத்து. அதைப் பார்த்து நாலு பேர் சிரித்திருக்க வேண்டாமா? ஒருவனும் சிரிக்கவில்லை. “தன் தப்பை இப்படி எழுதி வைக்க எவனுக்கு வரும்?” என்றான் ரெஜிஸ். ஜான்-போல் டீ கொண்டுவந்தான். முதல் கோப்பை அன்றும் சின்னனுக்குத்தான்.

ஆலையையே நிறுத்தியவனுக்கு! இருபது நிமிஷத்தில் ஓட வைத்தவருக்கு இரண்டாவது கோப்பை, அதுவும் ஆறிப்போனது. வீரசாமி அதைக் கீழே ஊற்றினார்.

பலகையில் மற்றதெல்லாம் அழிந்து அழிந்து மாறின. அந்த ஆறாம் நம்பரை மட்டும் சின்னன் அழிக்கவில்லை. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கட்டும் என்று ஒரு மூலையில் விட்டுவைத்தான். தினமும் வீரசாமி அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார், பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

டிசம்பரில் வெட்டு முடிந்தது. கடைசிக் கரும்பு வண்டியைக் கொடியும் பூவும் கட்டி அலங்கரித்து ஆலைக்குள் ஓட்டி வருவது வழக்கம். அந்த நாளில்தான் ஆன்றியின் இடம் யாருக்கு என்று சொல்வதாக மெஸ்யே எட்மோன் சொல்லியிருந்தார். வீரசாமி தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். லிச்சி காய்த்துத் தொங்கிக்கொண்டிருந்த காலம். ஜன்னல் வழியாக அந்த மரம் தெரிந்தது.

“ஆன்றி இடத்துக்குச் சின்னனைப் போடுறேன்” என்றார் எட்மோன்.

வீரசாமி மேஜைப் பக்கம் ஒரு அடி வைத்தார். எங்கிருந்தோ வார்த்தை வந்தது. “மெஸ்யே, ஆலையை நிறுத்தினது அவன். ஓட வைச்சது நான். நான் ஒரு நாள் இல்லேன்னா அந்த எட்டுத் தொட்டியும் ஓடாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும். அதனாலதான்.”

“புரியலை மெஸ்யே.”

“உன்னை மேல கொண்டுபோனா கீழ அந்தப் பெட்டியை யார் பாப்பா? சின்னனை எடுத்தா ரெஜிஸ் பாத்துக்குவான். ரெஜிஸ் வரலேன்னா ஜான்-போல் பாத்துக்குவான். உன் இடத்துல வைக்க எனக்கு ஒரு ஆளைக் காட்டு. இத்தனை வருஷமா நானும் தேடுறேன்.”

வீரசாமி யோசித்துப் பார்த்தார். காட்டுவதற்கு ஒருவனும் இல்லை. ஒருவனும் இருக்கக் கூடாது என்றுதானே இத்தனை பாடுபட்டார்.

எட்மோன் மோசமான மனிதர் இல்லை. கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டார். “அடுத்த வருஷம் நம்ம இன்னொரு ஆலைக்கும் இதே மாதிரித் தொட்டிகள் வருது. அங்கே ஒரு தலைமை ஆள் வேணும். அதுக்குள்ள உன் வேலையைச் செய்ய இங்கே ரெண்டு பேர் இருந்தா என்கிட்ட வா. இல்லேன்னா நீ அந்தப் பெட்டிகிட்டயேதான் இருக்கணும் வீரசாமி. எனக்கு வேற வழியில்லை.”

வெளியே கடைசி வண்டி வந்துகொண்டிருந்தது. மேளம் அடித்தார்கள். செய்தி அதற்குள் பரவியிருந்தது, சின்னனைத் தோளில் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஆடினார்கள். தோளுக்கு மேலிருந்து அவன், “அண்ணே, வாங்கண்ணே” என்று கையை நீட்டினான். அவன் நீட்டிய கையைப் பார்க்கப் பார்க்க வீரசாமிக்கு எரிந்தது. இவரை ஜெயித்துவிட்டோம் என்றாவது அவன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்திருக்கலாம். அதுவும் இல்லை.

கூட்டத்தை விட்டுப் பட்டறைக்குள் போனார். பலகை இருந்தது. மூலையில் ஆறாம் நம்பர் இருந்தது. சாகிற வரைக்கும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது ஒரு பக்கம், ஊருக்கெல்லாம் முடிச்சை அவிழ்த்துக் காட்டுவது ஒரு பக்கம். பிறகு சாக்பீசை எடுத்தார்.

சிவப்பு எழுதினார், மஞ்சள் எழுதினார். பச்சையை, ஒன்று முதல் நாலு வரை என்று எழுதினார். நீலத்துக்கு வந்தபோது கை நின்றது. உண்மையை எழுதினால் மூலையில் இருக்கிற ஆறாம் நம்பருக்கு அர்த்தம் மாறிப்போகும். அரைகுறையாக எழுதினால் இன்னொரு தடவை ஆலை நிற்கும், அவரும் பெட்டியோடு நிற்பார்.

எழுதினார். ஒன்று முதல் நாலு வரை, நீலம் பிரேக். ஐந்து முதல் எட்டு வரை, நீலம் வேகம், வெள்ளை பிரேக்.

பின்னால் ஆள் அரவம் கேட்டது. ரெஜிஸும் ஜான்-போலும் வியர்வையோடு உள்ளே வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் கழுத்தில் பூமாலையோடு சின்னன். ரெஜிஸ் ஒவ்வொரு வரியாகப் படித்தான். நீலத்தில் நின்றான். மூலையைப் பார்த்தான். மறுபடியும் நீலத்தைப் பார்த்தான். மெதுவாக வீரசாமி பக்கம் திரும்பினான்.

“நீலம் ரெண்டு விதமா?” என்றான். “அப்போ அன்னைக்கு ஆறாம் நம்பர்ல...”

“அண்ணன் அப்பவே சொன்னார்டா” என்றான் சின்னன், சட்டென்று. “அஞ்சுக்கு மேல மாறும்னு சொன்னார். விருந்துச் சத்தத்துல நான்தான் மறந்துட்டேன்.”

வீரசாமி அவனைப் பார்த்தார். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பலகையைப் படிக்காமலே அஞ்சுக்கு மேல் என்று சொல்லியிருந்தான், அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கம்பி கருகிய அன்றைக்கே அவன் விளக்கு வைத்து எட்டையும் பார்த்திருக்கிறான். மூன்று மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டே அண்ணே அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறான். ஃப்யூஸ் போனால்கூடப் படம் போட்டுக் காட்டுகிறவன், இதை மட்டும் பலகையில் போடாமல் வைத்திருந்தான். யாருக்காக? இவருக்காக.

நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது என்னவோ அந்தப் பழைய எரிச்சல்தான். வேலையிலும் அவன் ஒரு படி மேலே, பேரிலும் மேலே, வீடும் லிச்சி மரமும் அவனுக்கு. ஒளித்து வைக்கிறது ஒன்றுதான் இவருக்குக் கைவந்த வித்தை, அதிலும் அவனா ஜெயிப்பது? இவன் போட்ட பிச்சையில் மானத்தோடு இன்னும் இருபது வருஷம் இந்தப் பட்டறைக்குள் வந்து போவதா?

“அவன் பொய் சொல்றான்” என்றார் வீரசாமி.

திரும்பி, பெருக்கல் குறி போட்ட படத்துக்குக் கீழே, சின்னன் பெயரை உள்ளங்கையால் அழித்தார். அந்த இடத்தில் இரண்டு வரி எழுதி, தன் பெயரைப் போட்டார். பலகையில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. ரெஜிஸ் படித்துவிட்டுத் தரையைப் பார்த்தான். சின்னன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஜான்-போல் மட்டும் பலகையையும் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத்தான் எழுத்து வராதே. இதற்குப் படமும் இல்லை.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டான்.

வீரசாமி சாக்பீசைக் கீழே வைத்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நீலம் அஞ்சுக்கு மேல மாறும்னு எனக்குத் தெரியும்” என்றார். “இவன் கேட்டான். நான் சொல்லலை.”